ஹாரன் கேட்டால் கூடும் கூட்டம்

கையிலிருந்த டேப்லெட்டில் பூஜ்யம் என்று தட்டி முடித்த நிமிஷத்தில்தான் எதிர்ச்சரிவிலிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. எனக்கு முன்னால் என் கால்கள் எழுந்து நின்றுவிட்டன.

சேரங்கோட்டுக்கு மேலே, அரசுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கடைசி லைன் வீடுகளுக்குக் கீழே, பஸ் திரும்பும் இடத்தில் ஒரு பயணியர் நிழற்குடை இருக்கிறது. வெயில் எட்டிப் பார்க்கவே யோசிக்கிற ஊரில் நிழற்குடை எதற்கு என்று கேட்கக் கூடாது. கட்டியவர்கள் அதன் திறந்த பக்கத்தை, மழைக்காற்று எந்தத் திசையிலிருந்து வருமோ சரியாக அந்தத் திசைக்கு வைத்துவிட்டார்கள். அன்று காலை அலுவலக ஜீப் என்னை இறக்கிவிட்டுப் போன பிறகு அதற்குள் நானும் ஒரு நாயும் மட்டும் இருந்தோம். நாய் என்னைவிட விவரமானது, பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தது. நான் மேலே உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்தேன்.

மலை மாவட்டத்தின் சாலைப் போக்குவரத்துக்கு நீண்டகாலத் திட்டம் ஒன்றைத் தயாரிக்கும் ஆய்வுக் குழுவில் எனக்கு வேலை. எந்தத் தடத்தில் எத்தனை நடை பஸ் ஓட வேண்டும், எந்தச் சாலையை அகலப்படுத்தலாம், எதைத் தொடவே கூடாது என்றெல்லாம் நாங்கள் படித்துப் பார்த்துப் பரிந்துரைப்போம். அதற்கு முதலில் எண்ண வேண்டும். நிறுத்தத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்த்து, பஸ் கண்ணில் பட்டதும் எண்ணிக்கையை மூடிவிட வேண்டும். இது சமவெளியில் வகுத்த விதி. அங்கே மனிதர்கள் பஸ்ஸுக்கு முன்பே வந்து நிற்பார்கள்.

பஸ் எதிர்ச்சரிவில், மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மலைமூட்டம் விலகிய ஒரு இடைவெளியில் தெரிந்தது. விதிப்படி மூடினேன். பூஜ்யம்.

பிறகு ஹாரன். அதன் பின்னால் லைன் வீடுகளில் கதவுகள் திறக்கும் சத்தம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே குடைகள் இறங்கின. பள்ளிப் பிள்ளைகள், கூடலூர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், பந்தலூருக்கு மருந்து வாங்கப் போகிறவர், ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிய அம்மா. பஸ் ஏறி வந்து திரும்பி நின்றபோது அங்கே நல்ல கூட்டம். என் திரையில் மட்டும் ஒருவரும் இல்லை.

கூட்டத்தின் முன்னால் வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் வீடு என்று சொல்வதுகூடப் பழைய கணக்குதான். அம்மாவும் அப்பாவும் ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைத் தோட்டத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அக்காவுக்கு நர்சிங் பயிற்சியில் கடைசி வருஷம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வெள்ளைச் சீருடைக்கு மேல் கணவரின் பழைய ரெயின்கோட் போட்டிருந்தார்.

“ஏய், என்னாடி இங்க ஒத்தையில நிக்கிற? நாயிக்குத் தொணையா?”

“எண்ணிக்கிட்டு இருக்கேன்க்கா.”

“என்னாத்த எண்ணுன? தூறலையா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பிறந்து வளர்ந்த லைன் இது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை இதே பஸ்ஸில் போய் வந்தவள். அந்த நிழற்குடைக்குள் நான் காத்திருந்தது அன்றுதான் முதல் தடவை. இங்கே யாரும் நிறுத்தத்தில் காத்திருப்பதில்லை. யானை நடமாடும் சாலையில், சாரலில், எதற்கு நிற்க வேண்டும்? வீட்டுக்குள் அடுப்பங்கரையில்தான் காத்திருப்பார்கள். ஓட்டுநர் எதிர்வளைவில் ஹாரன் அடித்தால், பஸ் ஏறி வந்து திரும்புவதற்குள் இறங்கிவிட நேரம் இருக்கும். எண்ண வேண்டிய இடத்தில் நான் உட்காரவே இல்லை!

“ஏறுங்க கணக்குப்பிள்ள, ஒங்களுக்குத் தனியா வெத்தல பாக்கு வெக்கணுமா?” என்றார் ஓட்டுநர். தோட்டத்தில் ஆள் கணக்கு எடுப்பவருக்குத்தான் அந்தப் பெயர். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் ஏறினேன்.

உள்ளே இன்னொன்றும் பிடிபட்டது. நடத்துநர் கம்பியைக் கட்டிப் பிடித்தபடி நின்றார். டிக்கெட் கேட்டு நான் நீட்டிய கையை அவர் பார்க்கவே இல்லை.

“வளைவு முடியட்டும்மா. இப்ப நான் கைய விட்டா ஒங்க மடியிலதான் வந்து உக்காருவேன்.”

“உக்காரேன், இங்க யாரு வேணாம்னு சொன்னா!” என்று கோழி வைத்திருந்த அம்மா சொல்ல, நடத்துநர் மலைச்சரிவைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டிக்கெட் கிழிப்பது வளைவுகள் எல்லாம் முடிந்து, கீழே சமமான சாலையில் ஜங்ஷன் வந்த பிறகுதான். மெஷினில் எல்லோரும் ஜங்ஷனில் ஏறியதாகவே பதிவாகும். எனக்கு முன்பு எங்கள் குழுவினர் நிறுத்தத்தில் எண்ணியதும் பூஜ்யம், டிக்கெட் கணக்கும் பூஜ்யம். இரண்டும் ஒத்துப்போனதால்தான் எங்கள் வரைவு அறிக்கை அவ்வளவு தைரியமாக எழுதியிருந்தது: ஜங்ஷனுக்கு மேலே பயணிகள் இல்லை, காலை முதல் நடையை ஜங்ஷனோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதை அக்காவிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. கேட்டதும் அவர் சிரிப்பு நின்றுபோனது.

“அப்ப ஜங்ஷனுக்கு நான் எப்படிடி வர்றது? யானகிட்ட லிஃப்ட் கேக்கவா?”

கொஞ்ச நேரம் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஹாஸ்டல்ல தங்குனு சொன்னாங்க. பிள்ளைய யாரு பாக்குறது? மாமியாரும் கொழுந்து பறிக்கப் போயிருவாங்க. வார்டு அட்டெண்டன்ஸ் கொறஞ்சா பரிட்சை எழுத விடமாட்டாங்க. இது போச்சுன்னா நானும் நாளைக்குக் கூடைய மாட்டிக்க வேண்டியதுதான்.”

ஊட்டி அலுவலகத்தில் எங்கள் குழுத் தலைவரிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், சாலைப் பொறியாளர். டீ ஆறும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“ஏனம்மிணி, நீ சொல்றது புரியுது. ஆனா ‘எங்கூர்ல அப்படித்தானுங்க’ன்னு நான் அறிக்கைல எழுத முடியுமா? எண்ணிக் கொண்டா. விதிய நான் மாத்தித் தர்றேன்.”

“ஹாரன எந்தக் கட்டத்துல போடறதுங்க?” என்று எங்களோடு வேலை செய்யும் ஈரோட்டுப் பையன் கேட்டான். கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் அன்று சாயங்காலமே செயலியில் ‘அழைப்பு ஒலிக்குப் பின் ஏறியவர்கள்’ என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்துக் கொடுத்ததும் அவன்தான். மேலே நான் பஸ் வாசலில் எண்ணுவது, கீழே ஜங்ஷனில் அவன் எண்ணுவது, அந்த வாரம் முழுக்க என்று முடிவானது. திட்டம் போடும் வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான். தப்பு என்று தெரிந்தால் மறுநாளே வேறு மாதிரி எண்ணிப் பார்க்கலாம்.

அக்கா வீட்டிலேயே தங்கினேன். எண்ணத் தொடங்கிய முதல் நாள் காலை அந்த வீடு நடந்த விதம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அக்கா சீருடைக்கு இஸ்திரி போட்டார், பிள்ளையின் தலையைச் சீவினார், டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் அடைத்தார். எதிலும் அவசரமில்லை. மாமியார் கொழுந்துக் கூடையைக் கயிறு மாற்றிக் கட்டிக்கொண்டே, “இன்னும் ஹாரன் வரலையே, காப்பி குடிச்சிட்டுப் போ,” என்றார். குடித்தோம். இன்னொரு வாய் குடித்தோம்.

ஹாரன் வரவே இல்லை. அதற்குப் பதிலாக, கீழே பஸ் திரும்பும் என்ஜின் சத்தம் கேட்டது.

அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். நான் டேப்லெட்டோடு பின்னால் ஓடினேன். லைன் முழுக்கக் கதவுகள் திறந்தன, குடைகள் விரிந்தன, எல்லாம் ஒரு நிமிஷம் தாமதம். பஸ்ஸின் பின்பக்கச் சிவப்பு விளக்கு மஞ்சுக்குள் மறைவதைத்தான் பார்த்தோம். வழக்கமான ஓட்டுநர் லீவு. மாற்று ஓட்டுநர் சமவெளியிலிருந்து வந்தவர், அவரோடு வந்த நடத்துநரும் இந்தத் தடத்துக்குப் புதுசு. நிறுத்தத்தில் ஆள் இல்லை, அவர் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் என்ன தப்பு? என்னைப் போலத்தான் அவரும் பார்த்திருக்கிறார்.

அக்கா நிழற்குடைக்குள் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு வார்டில் அவருக்குச் செய்முறைத் தேர்வு. “போச்சுடி,” என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன், அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

காப்பாற்றியவர் ஃபேக்டரியில் கொழுந்து இறக்கிவிட்டு வந்த லாரிக்காரர். “ஏறுங்க, ஏறுங்க. மொத மொதல்ல வெள்ளச் சட்டைக்காரிய ஏத்துறேன், வண்டி மணக்கட்டும்,” என்று இடம் விட்டார். கேபினில் அக்கா, நான், சாமான் பெட்டி, ஒரு மாதா படம். ஜங்ஷனில் டீக்கு நின்றிருந்த அந்த பஸ்ஸையே பிடித்துவிட்டோம். அக்கா ஓடிப்போய் ஏறியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஈரோட்டுப் பையன் டீக்கடை ஓரத்திலிருந்து கையை விரித்தான்.

“மேலிருந்து வந்த பஸ்ல ஒருத்தருமே இல்லைங்க. காலி. முதல் நாளே நம்ம கணக்கு ஊத்திக்குச்சே!”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நாளைத் தள்ளிவிட்டு மறுநாளிலிருந்து தொடங்கலாமா என்று தலைவருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார்.

“தள்ளறதா? அம்மிணி, இந்தப் பூஜ்யத்தத்தான் நான் தேடிட்டு இருந்தேன். ஹாரன் இல்லாத நாள் காலி. நாளைக்கு ஹாரன் அடிச்சா என்ன ஆகுதுன்னு பாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டலாம்.”

மறுநாள் பழைய ஓட்டுநர் வந்தார். வழக்கத்தைவிட நீளமாகவே அடித்தார், விஷயம் காதுக்குப் போயிருக்க வேண்டும். கீழே போய்ச் சேர்ந்தபோது உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் நின்றுகொண்டு வந்தார்கள். அந்த வாரத்தின் மற்ற நாட்களும் அப்படியே. ஈரோட்டுப் பையன் ஒவ்வொரு காலையும் ஜங்ஷனில் நின்று என்னைவிடக் கவனமாக எண்ணினான். கடைசி நாள் டீக்கடைக்காரரே அவனுக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

ஊட்டியில் கூட்டம் நடந்தது. போக்குவரத்து, நெடுஞ்சாலை, வனம் என்று பல துறைகளின் அதிகாரிகள் நீள மேஜையைச் சுற்றி. தலைவர் இரண்டு நாட்களின் எண்ணிக்கையையும் திரையில் அடுத்தடுத்துக் காட்டிவிட்டு, விளக்கத்தை என்னைச் சொல்லச் சொன்னார். நான் வேகமாகப் பேசினேன், நடுவில் ஒரு தடவை “எங்க லைன்ல” என்றுகூடச் சொல்லிவிட்டேன். போக்குவரத்து அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு யோசித்தார்.

“சரி, நடைய வெட்ட வேண்டாம். இந்த மழைக்காலம் முடியிறவரைக்கும் ஓடட்டும். திரும்ப எண்ணுங்க. மாற்று ஓட்டுநருக்கும் ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதிடறோம்.”

நான் துள்ளிக் குதிக்காத குறை. அப்போது மேஜையின் கடைசியிலிருந்து வனத்துறை அதிகாரி மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“அந்த வளைவு யானை கடக்கிற இடம். ‘ஒலி எழுப்பாதீர்’னு போர்டு வெச்சிருக்கோம். நீங்க அடிக்கச் சொல்லி உத்தரவு போடறீங்களா?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவரும். ஆனால் அவர் சொன்னது நியாயம். யானையும் எங்கள் சாலையில்தான் போகிறது. மழைக்காலம் முடியும்வரைக்கும் ஒரே ஒரு ஹாரன் மட்டும், அதற்குள் சத்தமில்லாமல் ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று அவர் விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். செய்முறைத் தேர்வில் தேறியதை அவர் சொன்னார், காலை நடையை வெட்டமாட்டார்கள் என்று நான் சொன்னேன். பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

“மழை முடிஞ்சா?” என்றார்.

“அதுக்குள்ள வேற வழி பாத்துடுவோம்க்கா.”

“பாருடி. எனக்கு இன்னும் முழு வருஷம் கெடக்கு.”

அந்தத் தடம் எனக்குப் பள்ளிப்படிப்பைக் கொடுத்தது, இந்த வேலையையும் கொடுத்தது. எத்தனையோ வருஷம் எதிர்வளைவில் எனக்காக ஹாரன் அடித்தவருக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. போன வாரம் சொன்னேன். “சும்மா இருங்க கணக்குப்பிள்ள, கை பழக்கம்,” என்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

அடுத்த வாரம் நானும் ஈரோட்டுப் பையனும் மேலே போகிறோம். ஹாரனுக்குப் பதிலாக, பஸ் எதிர்வளைவைத் தாண்டும்போது நடத்துநர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், லைன் கோடியில் பிள்ளைக் காப்பகத்துச் சுவரில் மாட்டிய மஞ்சள் பல்பு எரிய வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டி சிக்னல் போய்ச் சேருமா தெரியாது. கடும் மஞ்சில் பல்பு தெரியுமா, அதுவும் தெரியாது. பல்பு எரிகிறதா, மஞ்சில் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டார். அவர் வீட்டு அடுப்பங்கரை ஜன்னல் காப்பகத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. “பல்பு எரிஞ்சா நான் காப்பி டம்ளர கீழ வெப்பேன். அத எண்ணிக்கோ,” என்றிருக்கிறார். சேரங்கோட்டில் இது சரியாக வந்தால், மஞ்சு இன்னும் அடர்த்தியான நடுவட்டம் சாலையில் போட்டுப் பார்க்க வேண்டும். பல்பை இன்று மதியம் வாங்கி வந்துவிட்டேன். மஞ்சள் போதுமா, சிவப்பும் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.