சுத்தியலும் அவர் கோபமும்

அறுபதுகளின் கடைசியில் ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் வீட்டுக்கும் டீச்சரம்மா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒருநாள் என் வீட்டுக்காரர் வீசிய குழம்புச் சட்டி உடைந்த சத்தம் கேட்டு வந்தவர், கூட்டி அள்ளிக்கொண்டிருந்த எனக்கு ஆறுதலாக ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னார். ஃப்ளை ஆஃப் தி ஹேண்டில். ஓங்கி அடிக்கும்போது சுத்தியல் தலை பிடியிலிருந்து கழன்று பறக்குமாம். மனுஷனுக்குக் கோபம் கட்டு மீறுவதை வெள்ளைக்காரன் அப்படிச் சொல்வானாம்.

"அவர் கெட்டவர் இல்லம்மா. கோபம் அவர் கையில இல்ல."

நான் அஞ்சாவது வரை படித்தவள். நம்பினேன். என் வீட்டுக்காரருக்கோ அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடித்த மறுநாள் காபி குடித்துக்கொண்டே, "இன்னா பண்றது, எனக்கு அந்த ஃப்ளை ஆஃப் கீதே" என்பார், ஏதோ சர்க்கரை வியாதி மாதிரி. நியாயம் கேட்க வந்த என் அண்ணனிடமும் அதையே சொன்னார். அண்ணன் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்.

வியாதி என்றால் அம்மனிடம்தானே போக வேண்டும். ஆடி வெள்ளி தவறாமல் திருவேற்காட்டுக்குப் போய், அவர் கோபத்தை எடுத்துவிடு தாயே என்று மடியேந்தினேன்.

ஆயுத பூஜை அன்று மட்டும் தொழிற்சாலைக்குள் குடும்பங்களை விடுவார்கள். அந்த வருஷம் அவர் மெஷினுக்கு வாழைக்கன்று கட்டி, சுத்தியல்களை வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார். சுற்றிப் பார்க்க வந்த அதிகாரி, கன்று வழியை மறைக்கிறது என்று எங்கள் எல்லார் முன்னாலும் அவரைக் கழுதை என்றார். அறிவிருக்கா என்றார். என் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றன. இவர் கை ஓங்கிவிட்டால் வேலை போய்விடுமே என்று பயந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் சுத்தியல்கள்.

ஒன்றும் கழலவில்லை. "தப்புதாங்க சார்" என்று சிரித்தபடி கன்றை அவிழ்த்து நகர்த்திக் கட்டினார். அதிகாரிக்குப் பொரிகடலையும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும், சுண்டலில் உப்பில்லை என்று அவர் வீசிய தூக்குவாளி என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

டீச்சரம்மா எட்டிப் பார்த்தார். அதே வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தார்.

"வேணாம் டீச்சர். காலையில ஃபேக்டரியில அவர் கோபம் அவர் கையிலதான் இருந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன்" என்றேன். டீச்சரம்மா உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஆடியிலும் திருவேற்காடு போனேன். வியாதியே இல்லாதவருக்கு மருந்து கேட்டு இத்தனை வருஷம் அம்மன் காலைப் பிடித்திருக்கிறேன். என் பெண்ணுக்கு வரப்போகிறவன் கை ஓங்காதவனாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.