புகைக்குழாயில் அடைத்த துணி

ஆறு வருஷம் அந்த லாரி எங்கள் சமையலறைச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. நாங்கள் பிழைக்க வந்த மராட்டிச் சீமைச் சாங்வியில் அப்போது பக்கத்து மனை காலி. கண் மங்கி ஓட்டுவதை விட்ட அன்று என் வீட்டுக்காரர் அங்கே கொண்டுவந்து நிறுத்தியதுதான். நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு லாரி என்றால் சாமி. ஓடாத வண்டிக்கும் வருஷா வருஷம் ஆயுத பூசைக்குச் சந்தனம், மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். வண்டி நகர்ந்தால்தானே பழம் நசுங்கும்? அது அங்கேயே அழுகி, பூசணம் பூத்து, புழு வைக்கும். அள்ளிக் கொட்டுவது நான்.

சீட்டைக் கிழித்துப் பஞ்சில் எலி குட்டி போட்டது. சாப்பாட்டுக்கு என் அரிசி டப்பா. புழுக்கை பொறுக்கிப் பொறுக்கி எனக்குச் சோறே இறங்காது. ஒரு நாள் ஓர் எலி வண்டிக்கு அடியில் புகைக்குழாய்க்குள் நுழைவதைப் பார்த்தேன். கைக்குக் கிடைத்த என் பழைய உள்பாவாடையைச் சுருட்டி, கம்பால் குத்தி இறுக அடைத்துவிட்டேன். அப்புறம் அதை மறந்தும் போனேன்.

மனைக்காரர் வீடு கட்டப் போவதாகச் சொன்னதும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் லாரியைப் பார்க்க வந்தார்.

"ஓடுனா இன்னைக்கே எடுத்துக்கறனுங்க. ஓடலீன்னா வேண்டாமுங்க."

"பழைய இரும்புக்காரனுக்கு மட்டும் குடுக்க மாட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். "யாரும் வாங்கலைன்னா நம்ம வாசல்லயே தள்ளி நிறுத்திக்கறேன்."

வாசலிலேயா!

வண்டியைக் கிளப்பிப் பார்க்க மெக்கானிக் மிஸ்திரி வந்தான், வாய் நிறைய குட்காவோடு. பழைய டீசலை ரப்பர் குழாயில் வாய் வைத்து உறிஞ்சி என் கோலத்தின் மேலேயே துப்பினான். கெட்டுப்போன வெல்லப்பாகு மாதிரி இருந்தது அந்த டீசல். அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றினான். அதன் ஆயிலுக்குள் கரப்பான்களும் ஒரு சுண்டெலியும் ஊறுகாய் போல ஊறிக் கிடந்தன. அதைக் கொட்ட "பாத்திரம் குடு" என்று அவன் கேட்டதும், என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமல் குழம்புச் சட்டியை எடுத்துக் கொடுத்தார். அந்தச் சட்டியை நான் அப்புறம் தொடவே இல்லை.

பக்கத்து டெம்போவின் பேட்டரியை மாட்டினார்கள். புது டீசல் ஊற்றி, மிஸ்திரி கைப்பம்பை அடித்து அடித்து டீசல் குழாயிலிருந்த காற்றை வெளியே எடுத்தான். சாவியைத் திருப்பினால் இன்ஜின் இரண்டு தடவை இருமும், அடங்கிவிடும். பத்துத் தடவையும் அப்படித்தான்.

"பம்ப் போச்சு, அண்ணா. பம்பை இறக்கணும், ஒரு வாரம் ஆகும்" என்று இந்தியில் சொன்னான். ஊர்க்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

இருமும்போது முன்பக்கம்தான் புகை கசிந்தது. பின்னால் ஒரு துளி இல்லை. அப்போதுதான் புகைக்குழாயில் நான் அடைத்த பாவாடை ஞாபகம் வந்து எனக்குச் சுருக்கென்றது.

அதை எப்படிச் சத்தமாகச் சொல்வது? மிஸ்திரிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஊர்க்காரருக்குத் தெரியுமே! டீ கொடுக்கிற சாக்கில் வீட்டுக்காரர் காதில், "சைலன்சரைப் பாருங்க" என்றேன்.

"என்னது? சைலன்சரா?" ஊருக்கே கேட்கக் கத்தினார். "முப்பது வருஷம் ஓட்டினவனுக்கு இவ பாடம் எடுக்கறா, பாருங்க!" ஊர்க்காரர் சிரித்தார்.

வாசலில் அந்த லாரிப் பிணத்தோடு இருப்பதைவிட மானம் போகட்டும் என்று சமையலறை இடுக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தேன். துணியின் நுனிதான் வந்தது. "தள்ளுங்க, மாவ்ஷி" என்று சித்தி முறை வைத்துச் சொல்லிவிட்டு மிஸ்திரி படுத்துக்கொண்டு பிடித்து இழுத்தான். கறுத்து, விறைத்து, நாடாவோடு முழுசாக வெளியே வந்தது. அவன் அதை உதறிப் பார்த்தான். பாவி, தூக்கிக் காட்டவும் காட்டினான்! ஊர்க்காரர் டீ டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அடுத்த தடவை சாவி திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. கரும்புகை வீடு முழுக்க. மிஸ்திரி அந்தத் துணியிலேயே கையைத் துடைத்துத் தூர எறிந்தான். சாயங்காலத்துக்குள் ஊர்க்காரர் லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தனை வருஷத்து எலுமிச்சைகளில் கடைசியாக வைத்ததாவது நசுங்கியது.

"முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்றார் என் வீட்டுக்காரர், தெருவையே பார்த்துக்கொண்டு.

நான் துணியை இடுக்கியால் எடுத்துக் கொளுத்தினேன். இடுக்கியையும் எறிந்துவிட்டு, லாரி நின்ற இடத்தில் ஒரு பாட்டில் பினாயிலை முழுசாகக் கவிழ்த்தேன்.