கண்ணாடி முன்னால் ஒரு வாரம்

ஹாரன் சத்தம் தாங்காமல் தூத்துக்குடித் துறைமுக வேலையையும் விட்ட பிறகு, ஆட்டிசம் உள்ளவன் என்று உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். அதற்கு மருத்துவர் சான்று தர வேண்டும். உளறிவிடக் கூடாதென்று ஒரு வாரம் கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகினேன். அதுதான் நான் செய்த தவறு.

மருத்துவரின் கண்ணையே பார்த்து, சிரித்த முகமாகப் பதில் சொன்னேன்.

"நல்லாத்தானே பேசுதிய. உங்களுக்கு என்ன குறை?" என்று ஃபைலை மூடினார்.

வாசல்வரை போனவன் திரும்பி வந்து உட்கார்ந்தேன். சட்டைப்பையில் மறைத்திருந்த பஞ்சைக் காதில் அடைத்தேன். தரையைப் பார்த்தபடி, அதுவரை அடக்கி வைத்திருந்த விரல்களை ஆடவிட்டேன்.

"இவ்ளோ நேரம் நடிச்சேன் சார். இப்பம் கேளுங்க."

கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டார். பதில் வர நெடுநேரம் ஆயிற்று. நான் அவசரப்படவில்லை, அவரைக் காக்க வைத்தேன்.

சான்று கிடைத்தது. இப்போதெல்லாம் கண்ணாடி முன்னால் நிற்பது சவரம் செய்ய மட்டும்தான்.