முருங்கைக்காய்ப் பெட்டியில் ஒட்டும் சீட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். அழகர்கோவில் போகிற வழியில் எங்கள் வேன் பஞ்சராகி நிற்கிறது. எதிரே ஒரு கொட்டகையில், கையுறை போட்ட பெண்கள் முருங்கைக்காயைத் துடைத்து அட்டைப்பெட்டிகளில் அடுக்குகிறார்கள். எல்லாம் சிங்கப்பூருக்குப் போகிறதாம். என் மகளும் அங்கேதான் இருக்கிறாள். என்னோடு கோபித்துக்கொண்டு போன் நம்பரை மாற்றிவிட்டாள். அவள் குரலைக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. பெட்டிகளில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் தயங்கித் தயங்கிப் போகிறேன்.

“என்னத்தா ஒட்டுறே?”

“எந்தத் தோட்டத்துக் காயின்னு சீட்டும்மா. மருந்து கூடுதலா அடிச்சிருந்தா, அங்கனயிருந்தே வெளைச்சவரத் தேடிப் பிடிச்சிருவாக.”

“இங்கேயிருந்து, அங்கன காய் வாங்குனவுகளத் தேட முடியுமா?”

அவள் சிரிக்கிறாள். “கொழம்பு வச்சவுகளுக்கெல்லாம் யாரும்மா சீட்டு ஒட்டுறது?” என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நிற்கிறது. “அங்க யாரும்மா இருக்காக?”

“மக.”

“கடை வரைக்கும்தாம்மா எங்களுக்குத் தெரியும்.”

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். அவள் ஒரு வெற்றுச் சீட்டில் அந்தக் கடையின் பெயரை எழுதி என் கையில் வைக்கிறாள்.

சீட்டு என் சுருக்குப்பையில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் தெரிந்தவர்கள் யாராவது வாங்கிப் பார்த்து, பெயர் சரிதானா, நம் ஊர்ப் பெண்கள் அங்கே காய் வாங்க வருவார்களா என்று சொல்லுங்கள்.