ஜப்பானுக்கும் பிரான்சுக்கும் ஒரே தட்டு

சென்னையில் ஜப்பானியச் சமையலையும் பிரெஞ்சுச் சமையலையும் ஒரே தட்டில் கலந்து தரும் ஓட்டல் ஒன்று இருப்பது, பென்னலூரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சம்பளம் கொடுக்கிற கம்பெனி தெரிந்துகொள்ளச் சொன்னது, தெரிந்துகொண்டேன்.

ஒரகடத்தில் ஏ.சி. பெட்டிகளுக்குச் செம்புக் குழாய் வளைத்துக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. நான் அட்மின். ஷிப்ட் பஸ், கேன்டீன், பாத்ரூம் சோப்பு, வருகிற விருந்தாளியின் ராத்திரிச் சாப்பாடு எல்லாம் என் தலையில்தான். அந்த வருஷம், எங்கள் குழாயை வாங்கும் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. தரம் பார்க்கிறவர் ஜப்பானியர், கொள்முதல் பார்க்கிறவர் பிரெஞ்சுக்காரர். புதிய லைன் ஒன்றை, அதாவது இன்னொரு குழாய் உற்பத்தி வரிசையை, எங்களுக்குத் தருவதா, வேறு மாநிலத்தில் இருக்கும் இன்னொரு கம்பெனிக்குத் தருவதா என்று முடிவு செய்யப் போகிறவர்கள் அவர்கள்தான்.

என் தம்பியும் அதே கம்பெனியில் குழாய் வளைக்கிறவன், கான்ட்ராக்டில். புதிய லைன் வந்தால் அவனைப் பர்மனென்ட் ஆக்குவார்கள். வராவிட்டால், கான்ட்ராக்ட் முடிகிற அன்று ஐ.டி. கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். இதில் அவன் கல்யாணமும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி கார் ஓட்டும் டிரைவர் அண்ணன் படப்பைக்காரர். தன் தெருவிலேயே ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தார். பார்த்த அன்றே தம்பிக்கும் அவளுக்கும் பிடித்துப் போயிற்று.

பெண்ணின் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது அம்மா வடை பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தாள். அவர் காபியை மட்டும் குடித்தார். "பையனுக்கு வேலை பர்மென்ட் ஆவட்டும்மா. அப்பால வந்து கை நனைக்கிறோம்" என்றார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாத வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இலையை மடித்த பிறகு மாற்றிப் பேசினால் ஊர் காறித் துப்பும். அன்று மீந்த பாயசத்தை மறுநாளும் நாங்களே குடித்தோம். தம்பி மட்டும் தொடவில்லை.

ஓட்டல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மேனேஜர் தெற்கத்திக்காரர், எதிலும் யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர். "ஜப்பான் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனா அந்தாளு மூஞ்சி சுருங்கும். பிரெஞ்சு ஓட்டல்னா இந்தாளு மூஞ்சி சுருங்கும்லா. பாத்துச் செய்யும்மா" என்றார். டிரைவர் அண்ணனுக்கு இதில் குழப்பமே இல்லை. "ரெண்டு பேரையும் பிரியாணிக்கு இட்டுனு போ மேடம், மேட்டர் முட்ஞ்சிது" என்றார். காரம் தாங்காமல் யாராவது படுத்துக்கொண்டால் லைனும் படுத்துவிடும் என்று அதை ஒதுக்கினேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு திருகு வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் விசாரிக்க வேண்டும், ஒரு மாதிரியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஓட்டலுக்கும் அதேதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மூன்று இடம் பிடித்தேன். பெரிய ஓட்டலின் பஃபே ஒன்று. அங்கே இட்லிக்குப் பக்கத்திலேயே பாஸ்தா கிடந்தது. கடற்கரைப் பக்கம் ஒன்று. அங்கே பாட்டுச் சத்தத்தில் யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. மூன்றாவது, பழைய பங்களா ஒன்றில் நடந்த இந்த ஜப்பான்-பிரெஞ்சு ஓட்டல். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி இருந்தது, எனக்குப் பிடித்துவிட்டது.

சோதனைச் சாப்பாட்டுக்கு நானும் டிரைவர் அண்ணனும் போனோம். மேஜைத் துணி அத்தனை வெள்ளையாக இருந்ததால் அவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். முதலில் ஒரு சூப், பாயசக் கிண்ணத்தில் பாதி அளவு. பிறகு ஒரு பெரிய தட்டின் நடுவில் தீப்பெட்டி அளவு மீன், அதைச் சுற்றி வெண்ணெய் மணக்கும் ஏதோ ஒரு குழம்பு.

"இன்னா மேடம் இது, மீனு நீஞ்சறதுக்கு எடம் வுட்டு வெச்சிகீறான்" என்றார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சேவை நன்று, சத்தம் இல்லை, கார் நிறுத்த இடம் உண்டு என்று மேனேஜருக்குச் சொன்னேன். ருசியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மோசமில்லை என்றிருப்பேன். திரும்பும் வழியில் பூந்தமல்லியில் வண்டியை நிறுத்தி ஆளுக்கு இரண்டு தோசை சாப்பிட்டோம்.

விருந்தாளிகள் வந்தார்கள். பகலெல்லாம் லைனைச் சுற்றிப் பார்த்தார்கள். ஜப்பானியர் என் தம்பி வளைத்த குழாயை எடுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு வைத்தார். அந்தத் தலையாட்டலுக்கு எங்கள் வீட்டில் இரண்டு நாள் விளக்கம் நடந்தது.

மாலையில் ஓட்டல். மேஜையின் கோடியில் நானும் இருந்தேன். மேனேஜர் தன் தட்டைப் பார்த்ததாகவே தெரியவில்லை, அவர்கள் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் சூப்பை இன்னொரு முறை கேட்டு வாங்கினார். ஜப்பானியர் மீன் குழம்பின் கடைசித் துளியையும் ரொட்டியால் துடைத்தெடுத்துச் சாப்பிட்டார். இடம் யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார்கள். மேனேஜர் என்னைக் காட்டினார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலை தாழ்த்தினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் டிரைவர் அண்ணன் ரகசியமாகக் கேட்டார்: "சாப்ட்டாங்களா?"

"தட்டைக் கழுவவே வேண்டாம்ணா."

"அப்ப கை நனைச்சிட்டாங்க மேடம். முட்ஞ்சிது."

சிரித்தேன். ஆனால் மனதின் ஒரு மூலையில் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மேனேஜரும், "முழுசாச் சாப்பிட்டாங்கல்லா. இனி மாட்டேன்னு சொல்ல வாய் வருமா?" என்றார். இன்ஜினியரிங் படித்தவர், பல நாடுகளைப் பார்த்தவர். வடக்கில் படப்பையும் தெற்கே அவர் ஊரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகத்தான் இருந்தன. அந்த இரண்டு பேருக்கும் பசித்தது, சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது, நன்றாக இருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் அந்தத் தட்டில் நாங்கள் வேறு என்ன வைத்திருக்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

டிரைவர் அண்ணன் அதற்குள் படப்பையில் போய், லைன் வந்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகச் சொல்லி அனுப்பினார். அம்மா பக்கத்து வீட்டில் பெரிய பாத்திரம் இரவல் வாங்கி வைத்தாள். தம்பி முடி வெட்டிக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. லைன் வேறு மாநிலத்துக்குப் போகிறது. மெயிலின் முதல் வரி, அருமையான அந்தச் சாப்பாட்டுக்கு நன்றி.

"குச்சியாலயும் முள்ளு கரண்டியாலயும் துன்னா அது கணக்குல சேராது போல மேடம்" என்றார் டிரைவர் அண்ணன். அவருக்கே சிரிப்பு வரவில்லை. என் அறைக்குப் போக, தம்பி நிற்கும் லைனைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்று வெளிவழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டதும் அடுப்பை அணைத்தாள். பிறகு, "மறச்சி வெச்சி சோறு போட்டா அது நமக்குத் தங்காது. சொல்லிடு" என்றாள். நான் டிரைவர் அண்ணனிடம் சொன்னேன், அவர் அங்கே சொன்னார். பதில் எதுவும் வரவில்லை. பதில் வராததே பதில் என்று எடுத்துக்கொண்டோம். இரவல் பாத்திரம் திரும்பிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பெண்ணின் அப்பா தனியாக இறங்கி வந்தார். நேரில் வந்து மறுத்துவிட்டுப் போகிற கௌரவமான மனுஷன் என்று நினைத்தேன். தம்பி எழுந்து நின்றவன் நின்றபடியே இருந்தான். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள்.

அவர் டம்ளரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாம்மா, காப்பியக் குட்த்து அனுப்பிடலாம்னு பாக்குறியா? சோறு இல்லியா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான், "லைன் வரலைன்னு டிரைவர் அண்ணன் சொல்லலியாப்பா?" என்று கேட்டேன்.

"சொன்னாரு. என் வண்டில ஏர்றவன்ல எவன்மா பர்மென்ட்டு? அல்லாரும் குடும்பம் நட்த்திக்கினுதான் கீறான். அன்னிக்கு என் வூட்டுக்காரி கேக்கச் சொன்னா, கேட்டேன். ஞாயித்துக்கெயம வரேன்னேன், வந்துட்டேன்" என்றபடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ரசமும் அப்பளமுந்தான் கீது" என்றாள் அம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"ஊத்து" என்றார்.

தம்பி தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவர் ரசச் சோற்றைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார். மறுசோறும் கேட்டு வாங்கிக்கொண்டார். அது தீர்ந்ததும் உள்ளங்கையைக் குழித்து நீட்ட, அம்மா அதில் ரசத்தை ஊற்றினாள். முழங்கை வரை வழிந்ததை அவர் துடைத்துக்கொள்ளவே இல்லை.