கப்பல் இல்லாத கதை

போன ஞாயிறு எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு தகராறு. நான் அதன் செயலாளர். கூட்டக் குறிப்பில் ‘கருத்துப் பரிமாற்றம்’ என்று எழுதிவிட்டேன். நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

கண்டியில், எங்கள் உறுப்பினர், மடவளைக்காரர் நசீர் நானாவின் புடவைக் கடை மேல்மாடியில் மாதாமாதம் கூடுகிறோம். வருடத்துக்கு ஓர் உறுப்பினரின் புத்தகத்தை வட்டமே அச்சிடும். இந்த வருடம் யோகேஸ்வரியின் முறை. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இன்றும் அங்கிருந்தே பஸ் ஏறி கண்டிக்கு வேலைக்கு வருகிறவர். இது அவருடைய முதல் நாவல்.

கதை இதுதான். தோட்டத்தில் மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்து. ரதி வேஷத்தை ஆண்தான் கட்ட வேண்டும். வழக்கமாகக் கட்டுகிறவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். பொருத்தமான முகம் இன்னொருவருக்குத்தான் — அவரோ மீசையை எடுக்க மாட்டேன் என்கிறார். அந்த மீசைக்காகத் தோட்டமே இரண்டாகிறது... பஸ்ஸில் இதை வாசித்து நசீர் நானா சிரித்த சிரிப்பில், பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாராம்.

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர். யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். ஓர் அத்தியாயம் சேர்க்க வேண்டும் என்றார். தோட்டத்து முன்னோரை இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கப்பல் வர வேண்டும். காட்டு வழி நடை வர வேண்டும். வழியில் செத்தவர்கள் வர வேண்டும். அட்டைக்கடிகூட இல்லாமல் ஒரு மலையக நாவலா?

கதை பிடிக்கவில்லையா என்று யோகேஸ்வரி கேட்டார்.

“நானும் சிரிச்சனான், பிள்ளை. அதுதான் பிரச்சினை.”

வெள்ளைக்காரன் கூட்டிவந்து காட்டை வெட்டவைத்த சனம், பிறகு குடியுரிமையும் பறிபோன சனம். அவர்களைப் பற்றிய புத்தகத்தைச் சிரித்துக்கொண்டே மூடலாமா என்பது அவர் கவலை. சொன்னதில் பொய்யில்லை. ஆனால் யோகேஸ்வரி விடவில்லை.

“போன மாசம், எங்கள மாதிரியே கப்பல்ல கூலிக்குப் போன சனத்தப் பத்தி, வேற ஒரு தீவோட கரும்புத் தோட்டத்து நாவல் வாசிச்சோம். அதுல கல்யாண வீட்டுக் கூத்த நீங்கதானே சார் ரெண்டு தரம் சத்தமா வாசிச்சுக் காட்டுனீங்க? அவங்க சிரிச்சா இலக்கியம், நாங்க சிரிச்சா குறையா?”

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். அத்தியாயம் இல்லையென்றால் இந்த வருடம் அச்சிட முடியாது என்றார்.

“எங்க கஷ்டம் எனக்குத் தெரியும் சார். அதக் காட்டினாத்தான் உள்ள விடுவீங்கன்னா, நான் வெளியவே நிக்கிறேன்.”

கை தூக்கச் சொன்னார்கள். யோகேஸ்வரியின் பக்கம் நானும் நசீர் நானாவும் மட்டும். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே தலைவருக்குக் கை தூக்கினார்கள். தோற்றோம்.

துயரத்தை எழுத வேண்டாமா? எழுதத்தான் வேண்டும். ஆனால் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பிறகும் மனிதர்களுக்கு ஒரு மாலைப்பொழுது இருக்கிறது. அதில் சண்டை உண்டு, நக்கல் உண்டு, வீம்பு உண்டு. தோட்டத்தை எழுதுகிறவர் ஒவ்வொரு தடவையும் கப்பலிலிருந்து இறங்கித்தான் வர வேண்டுமா?

புதன்கிழமை மூவரும் கம்பளைக்குப் போய், ஒரு சின்ன அச்சகத்தில் நாவலைக் கொடுத்தோம். ஒரு வரி கூட்டவில்லை. ஒரு வரி குறைக்கவில்லை.

நேற்று தலைவர் எனக்கு போன் எடுத்தார். முன்னுரை ஒன்று எழுதித் தரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். யோகேஸ்வரியிடம் சொன்னேன்.

“எழுதட்டும். எந்தெந்த இடத்துல சிரிச்சாருன்னும் சேத்து எழுதச் சொல்லுங்க.”