மதியத்தில் மட்டும் நின்றுபோகும் வண்டி

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் பேர் வைண்டிங்காரர். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், டேபிள் ஃபேன் என்று எது புகைந்தாலும் அவர் கடைக்குத்தான் வரும். கருகிய செம்புக் கம்பியைப் பிரித்தெடுத்து, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, வார்னிஷில் முக்கி உலர வைத்துத் தருவார். முப்பத்தொரு வருடமாக இதே வேலை. குளித்துவிட்டு வந்தாலும் மேலே வார்னிஷ் வாசம் அடிக்கும். சுற்று எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. இடது கையைத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் அதை மரியாதைக் குறைவு என்று நினைத்து நான் ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கடை சாலையோரம். வீடு அதற்குப் பின்னால், மேட்டின் மேல். இரண்டுக்கும் நடுவே படிகள் கிடையாது; சிமென்ட் பூசிய செங்குத்தான சரிவு ஒன்று, ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. நடந்தால் நாற்பது எட்டு வைக்க வேண்டும். நான் கொரியர் வேலை பார்க்கிறவன், நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு மாடிகளை ஏறி இறங்குகிறவன். எனக்கே அந்தச் சரிவைக் கண்டால் அலுப்பாக இருக்கும்.

இருபது வருடம் அதில் ஏறி இறங்கியது அக்காதான். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு விறுவிறுவென்று இறங்கி வருவாள். கடை பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவார்கள். பேச்செல்லாம் அக்காவுடையது, ‘ம்’ எல்லாம் மச்சானுடையது.

இரண்டு வருடத்துக்கு முன் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. காலில் பாதி திரும்பி வந்தது, கை வரவேயில்லை. இடது கையில் தடி ஊன்றி வீட்டுக்குள் நடப்பாள். சரிவில் இறங்க முடியாது. அதனால் மச்சான் ஏற ஆரம்பித்தார். பதினொரு மணிக்கு மாத்திரையும் நீர்மோரும், ஒரு மணிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடைப் பொட்டலம், நாலு மணிக்கு டீ. ஒரு மணிக்கு மட்டும் அரைமணி நேரம் உட்கார்ந்து அவளோடு சாப்பிட்டுவிட்டு இறங்குவார். மற்ற நேரம் கொடுத்த கையோடு திரும்பிவிடுவார்.

போன மழையில் அந்தச் சரிவில் சறுக்கி விழுந்தார். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மேடு ஏறுவதையே மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். மச்சான் தலையாட்டிவிட்டு வந்து, அன்று நாலு மணிக்கே டீயோடு மேலே ஏறினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்களுக்கும் ஒன்று ஆகிவிட்டால் இரண்டு பேரையும் நானா தூக்கிச் சுமப்பது என்று கத்திவிட்டேன். அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அப்போது அவர் எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், மேஜை மேல் ஒரு ரிமோட் லாரி பிரிந்து கிடக்கிறது. பெரிய சக்கரம் வைத்தது, ஒரு முழ நீளம். யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு வருடக் கணக்கில் வாங்க வராத சாமான். சிறுபிள்ளையாகிவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வண்டியின் முதுகில் ஒரு கம்பித் தட்டைக் கட்டி, அதில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்து, சரிவின் அடியில் விட்டு ரிமோட்டை அழுத்தினார். பத்து எட்டு ஏறியது, முனகியது, நின்றது. மோட்டாரைத் தொட்டால் கை சுட்டது.

விஷயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அப்போதே புது மோட்டார் வாங்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் முப்பத்தொரு வருடம் கம்பி சுற்றிய கை சும்மா இருக்குமா? இருக்கிற மோட்டாரையே பிரித்து, தடித்த கம்பியில் குறைந்த சுற்றாகச் சுற்றினார். அப்படிச் சுற்றினால் கரண்ட் அதிகம் இழுக்கும், வேகம் கூடும். பழைய பேட்டரியை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றைப் போட்டார். வண்டி குண்டு போலப் பாய்ந்தது. பாதிச் சரிவில் முன்சக்கரங்களைத் தூக்கி மல்லாக்கக் கவிழ்ந்து, அங்கேயே புகைந்தது. அவர் சுற்றிய மோட்டாரிலிருந்து புகை வந்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்தவர் வீட்டு மோட்டாரை எத்தனையோ பிழைக்க வைத்தவர், தன் தேவைக்குச் சுற்றியதைக் கரியாக்கிவிட்டார். அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

பிறகு கௌரவத்தை விட்டு, வெளியில் வாங்கச் சம்மதித்தார். உள்ளே கார்பன் உராயாத புதுவகை மோட்டார், அதற்கான கட்டுப்பாட்டுப் பெட்டி, மூன்று செல் பேட்டரி. அந்தப் பார்சலைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கியதும் நான்தான். ஒரு ஞாயிறு முழுவதும் இருவரும் உட்கார்ந்தோம். வேகம் வேண்டாம், இழுவை போதும் என்று மோட்டார் முனையில் சின்னப் பல்சக்கரமாகப் போட்டார். இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு தாள் துண்டைக் கொடுத்து நெருக்கி, திருகை முடுக்கி, தாளை உருவினார். அந்தத் தாளின் கனம்தான் இடைவெளியாம். இரண்டு மணி நேரத்தில் பழைய பிளாஸ்டிக் பல்சக்கரம் பல் மழுங்கிப்போனது. அதை மாற்றினால் அச்சு முறுக்கிக்கொண்டது. “ஒண்ணுக்குப் பலம் குடுத்தா பக்கத்துல இருக்கிறது ஒடையுது மாப்பிள்ளை,” என்று சொல்லி முழங்காலை நீட்டித் தடவிக்கொண்டார். இரும்பு அச்சு வந்து சேர இன்னும் பத்து நாள் ஆனது. மறுபடி மல்லாக்கக் கவிழாமல் இருக்க பேட்டரியை மூக்குப் பக்கம் நகர்த்திக் கட்டினார்.

ஒருவழியாக வண்டி ஏறியது. ஒரு பையில் போட்ட பொட்டலம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் சுமந்து நாற்பது எட்டையும் நிற்காமல் ஏறி, மேலே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்காவின் காலடியில் போய் நின்றது. அக்கா குனியவில்லை. தடியைத் திருப்பி, அதன் வளைந்த பிடியைப் பையின் காதில் மாட்டித் தூக்கினாள். மச்சான் கீழிருந்தே வண்டியைப் பின்னோக்கி இறக்கினார். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

“இனிமே நீங்க மேல ஏறவே வேணாம் மச்சான்,” என்று மேட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

முதல் வாரம் எல்லாம் சரியாக நடந்தது. மாத்திரை போனது, டீ போனது, மதியப் பொட்டலம் போனது. மச்சான் தன் பொட்டலத்தைக் கடை பெஞ்சிலேயே பிரித்து, ஒரு கையில் மீட்டரும் ஒரு கையில் சாப்பாடுமாக வேலை பார்த்தபடி சாப்பிட்டார். முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. நான் கடனை அடைத்து முடித்தவன் போல நிம்மதியாக என் தெருக்களைப் பார்த்துக்கொண்டு போனேன்.

இரண்டாவது வாரம் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. மேலே போகும், திரும்பி வராது. எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. மச்சான் காலை இழுத்துக்கொண்டு ஏறிப் போய்ப் பார்ப்பார், வண்டியின் சுவிட்ச் அணைந்திருக்கும். குலுக்கலில் நழுவுகிறது போலிருக்கிறது என்று ஒயரை மறுபடி பற்றவைத்தார். மறுநாளும் அதே கதை. சுவிட்சின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். அதற்கு மறுநாள் டேப் பாதி உரிந்திருந்தது. போனில் இதையெல்லாம் கேட்டு எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இத்தனை பாடுபட்டும் ஏறுவது நிற்கவில்லையே என்றுதான். எப்போது நிற்கிறது என்று கேட்டேன். மதியத்தில் என்றார். பதினொரு மணிக்கு? ஓடுகிறது. நாலு மணிக்கு? ஓடுகிறது.

மணி பார்த்துப் பழுதாகிற மோட்டாரை நான் கேள்விப்பட்டதில்லை. மறுநாள் அந்தப் பக்கத்துப் பார்சல்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பன்னிரண்டரைக்கே மேலே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு வண்டி வந்தது. அக்கா தடிப் பிடியால் பையைத் தூக்கினாள். பிறகு தடியைத் திருப்பி, ரப்பர் போட்ட முனையை நீட்டி, பல் குத்துகிற நிதானத்தில் வண்டியின் விலாவிலிருந்த சுவிட்சை அமுக்கினாள். சின்ன விளக்கு அணைந்தது.

நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும். முகத்தை மறைக்கவில்லை.

“அவர் காலைப் பாத்தியா அக்கா?” என்றேன். குரல் என்னையும் மீறி உயர்ந்துவிட்டது.

“தெனமும் நான்தானே தைலம் தேய்க்கிறேன். இந்த ஒரு கையாலதான் தேய்க்கிறேன்.”

“தெரிஞ்சுமா இப்படிப் பண்ற?”

அக்கா தடியை இழுத்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள்.

“வெறும் சோறுன்னா சாப்பாட்டுக்கடைக்காரரே குடுத்து விடுவாரு. சோத்துக்காகவா நான் வாசல்ல வந்து உக்காந்திருக்கேன்? காலையில எந்திரிச்சுப் போறவரு, ராத்திரி வந்தா சாப்பிடும்போதே தூங்கிடுறாரு. எனக்கு இருந்தது இந்த அரைமணி நேரம்தான்டா தம்பி. அதையும் வண்டியில ஏத்தி அனுப்பிட்டீங்க.”

ஏறவே வேண்டாம் என்று அன்று கூவியவன் நான்தானே. நல்லது செய்கிறேன் என்று அவள் நாளில் இருந்த ஒரே ஆளையும் பிடுங்கியிருக்கிறேன்.

கம்பியைப் பிடித்தபடி மச்சான் ஏறி வந்தார். மூன்று இடத்தில் நின்றார். மேலே வந்ததும் மூச்சு வாங்க, சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்தார். அந்தப் பேட்டரி நிறைந்திருந்தால் பன்னிரண்டரை வோல்ட் காட்டும், தீர்ந்துபோனால் பத்துக்கு இறங்கிவிடும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி இரண்டு.

மச்சான் எண்ணைப் பார்த்தார். அணைந்திருந்த சுவிட்சைப் பார்த்தார். பாதி உரிந்த டேப்பில் ரப்பர் தேய்ந்த கறை இருந்தது, அதையும் பார்த்தார். மீட்டரை அணைத்துப் பையில் போட்டார்.

“பேட்டரி தீந்துருச்சு,” என்றார். “இது மதியம் தாங்காது போல.”

அக்கா நகர்ந்து இடம் விட்டாள். அவர் முழங்காலை நீட்டி வாசலில் உட்கார்ந்தார். அவருடைய பொட்டலம் கீழே பெஞ்சில் கிடந்தது. அவளுடையதைப் பிரித்து இருவரும் சாப்பிட்டார்கள். அக்கா பேசினாள். மச்சான் ‘ம்’ கொட்டினார். நான் பார்சல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அடுத்த வாரம் ஒரு மணி வாக்கில் அந்தச் சாலையில் போனபோது கடையில் ஆள் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். வண்டி சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. தட்டில் இரண்டு பொட்டலம், தண்ணீர் பாட்டில். அதற்கு இரண்டு எட்டு பின்னால், ஒரு கையில் ரிமோட்டும் ஒரு கையில் கம்பியுமாக மச்சான் ஏறிக்கொண்டிருந்தார். முழங்கால் இன்னும் சரியாகவில்லை, நடையிலேயே தெரிந்தது. அவர் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் வண்டியையும் நிறுத்தினார். அத்தனை பலமுள்ள மோட்டார், மேட்டின் நடுவே அவருக்காக நின்றது. மேலே அக்கா தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.